ஐந்தாம் மாடியில் வாக்கெடுப்பு

1. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் லிப்ட் பழுதாகி நின்றது.
2. களுபோவிலை ஆஸ்பத்திரியில் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்த அம்மாவைக் கதிரையில் இருத்தி ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப்போனோம். பிறகு அவர் கீழே இறங்கவில்லை.
3. குடியிருப்பாளர் சங்கத்துப் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றார்கள்: லிப்ட், அல்லது முன்பக்கத்துக்குப் பெயின்ற்.
4. பௌர்ணமி விடுமுறையான போயா நாளன்று, வழக்கம்போலக் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தது. லிப்டுக்காக நான் பேசினேன்.

நான் மென்பொருள் சோதிப்பவள். பிழையைக் கண்டால் அதற்குப் பெயரிட்டுப் பதிவது என் தொழில். சங்கத் தலைவர் முதலாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்.

"இந்த ரோட்டிலை எல்லாக் கட்டடமும் பெயின்ற் அடிச்சிட்டுது," என்றார் அவர்.

"எல்லாரும் செய்யினம் எண்டது ஒரு காரணமில்லை அங்கிள்."

"இண்டைக்கு லிப்ட் எண்டுவியள், நாளைக்கு நீச்சல் தடாகம் கேப்பியள்."

"அது வழுக்குச் சரிவு வாதம். ஒண்டு வந்தா மற்றதும் வரும் எண்டதுக்கு ஆதாரம் எங்கை?"

"நேற்று வந்த பிள்ளை எனக்குப் படிப்பிக்குது!"

"இப்ப ஆளைத் தாக்கிறீங்கள். கேள்விக்குப் பதில் இல்லை."

"அங்கிள் மூண்டு பாடத்திலையும் பெயில்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே பெயின்றுக்குக் கை உயர்த்தவும் ஆயத்தமானார்கள். கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர்களின் வட்ஸ்அப் இணைப்பு அறுந்ததால் மட்டும் வாக்கெடுப்பு அடுத்த போயாவுக்குத் தள்ளிப்போனது.

எதிர்வீட்டு அன்ரி என்னோடு படியேறினார்.

"நீர் அவரை வெண்டிட்டீர் பிள்ளை. அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே?"

"பரிதாபம் காட்டி வாக்குக் கேக்கக்கூடாது அன்ரி."

"என்ன பரிதாபம்? மனுசிக்கு இறங்க ஏலாது. அது உண்மையோ பொய்யோ?"

அன்றிரவு யோசித்தேன். ஆதாரம் இல்லாத இடத்தில் கண்ணீரை வைத்தால்தான் அது போலி வாதம். இங்கே அம்மாவின் முழங்காலே ஆதாரம். கேட்பவர் மனம் இளகுவதால் ஓர் உண்மை பொய்யாகிவிடாது. அதை ஒளித்துவைத்துவிட்டு வெறும் தர்க்கத்தோடு போயிருக்கிறேன்.

வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது, வாக்கும் அவருடையதே. அவர் வாக்களிக்க வேண்டுமானால் கூட்டம் மேலே வரவேண்டும் என்று தலைவருக்குச் சொன்னேன். வெளிநாட்டில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் நேரில்தான் வாக்களிக்கவேண்டும் என்பது சங்க விதி என்பதால் அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த போயாவுக்கு எல்லோரும் படியேறி எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். தலைவர் கதிரையைப் பிடித்தபடி வாயைத் திறந்தார், மூச்சுத்தான் இரைத்தது.

"முதல்லை மூச்சை விடுங்கோ அண்ணை. கூட்டத்தைப் பிறகு துவங்கலாம்," என்றார் அம்மா.

தலைவரே சிரித்துவிட்டார். நான் எந்தப் பிழைக்கும் பெயர் வைக்கவில்லை. அம்மாதான் பேசினார்: "எனக்குச் சந்தைக்குப் போய் மீனை நானே பார்த்து வாங்கவேணும். மகள் கொண்டுவாறதை வாயிலை வைக்க ஏலாது."

தலைவர் தண்ணீர் குடித்து முடித்தார். "பெயின்ற் அடுத்த வருசம் பாப்பம்," என்று முதலில் கை உயர்த்தியவர் அவர்தான். கனடாக்காரர்களும் தொலைபேசியில் ஓம் என்றார்கள்.

லிப்ட் கம்பனியினர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். புதிய மோட்டர் இன்னும் வரவில்லை. அம்மா இன்னமும் ஐந்தாம் மாடியில்தான் இருக்கிறார்.