மழையை முந்திய வெங்காயம்

காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பண்ணைப் பாலத்தில் இரு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. மாசிக் கடைசி என்பதால் வெயில் அப்போதே கண்ணைக் குத்தியது. அல்லைப்பிட்டி, வேலணை கழிந்து ஊர்காவற்துறை இறங்குதுறையை அடைந்தபோது அனலைதீவுப் படகு புறப்படத் தயாராக நின்றது.

நான் நகரத்தில், வெள்ளவத்தையில் இருப்பவன். அனலைதீவில் என் பள்ளிக்கூட நண்பன் சிவரூபன் வெங்காயம் கிண்டி எடுக்கிறேன், வந்து பார் என்று அழைத்திருந்தான். தகப்பனுக்குப் பிறகு மாத்தறையில் பலசரக்குக் கடை நடத்தியவன் அவன். ஐம்பது வயதில் கடையை விட்டுவிட்டுத் தகப்பன் வழிக் காணிக்குத் திரும்பியபோது மண்வெட்டியைச் சரியாகப் பிடிக்கவும் தெரியாது.

படகில் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டமாக இருந்தார்கள். நடுவில் ஓலைத் தொப்பியோடு இருந்த இளம்பெண் கலைச்செல்வி, புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மற்றவர்கள் அவரிடம் படிப்பவர்கள். நான் சிவரூபனிடம் போவதைச் சொன்னதும் கலைச்செல்வி சிரித்தார்.

"ரூபன் அண்ணையிட்டையோ? அப்ப எங்களோடை வாங்கோ. இண்டைக்கு வகுப்பே அவற்ற தோட்டத்திலதான்."

"எப்பிடி, நல்லாப் படிக்கிறானோ?"

"முதல் பயிர் முழுக்கப் பட்டுப்போச்சு. பெரிய மெசின் வைச்சுத் தண்ணி இறைச்சவர். இஞ்சத்தைக் கிணத்தில நல்ல தண்ணி மேலதான் நிக்கும். ஒரேயடியா இறைச்சால் அடியில கிடக்கிற உப்புத்தண்ணி ஏறிவரும். பாத்தியெல்லாம் வெள்ளை பூத்திட்டுது."

"திரும்பக் கடைக்கே போறன் எண்டு பெட்டியும் கட்டினவர்," என்றார் பக்கத்தில் இருந்த யோகராணி. இறுப்பிட்டியில் மிளகாய்த் தோட்டம் போட்டிருப்பவர். "நாங்கள் விடேல்லை. ஆளுக்குக் கொஞ்சம் விதை வெங்காயம் குடுத்தம். ஒராளை விட்டிட்டு மற்றாக்கள் படிச்சு என்ன?"

எழுவைதீவில் ஆட்களை இறக்கிவிட்டுப் படகு அனலைதீவைச் சேர்ந்தபோது, வெயிலில் கறுத்து, பாதி உடம்பாகியிருந்த ஒருவன் கரையிலிருந்து கையசைத்தான். சிரித்த பிறகுதான் அது சிவரூபன் என்று தெரிந்தது.

தோட்டம் இறங்குதுறையிலிருந்து நடக்கிற தூரம். பனைகளுக்கு நடுவே செம்மண் நிறத்தில் வெங்காயம் பாத்தி பாத்தியாகப் பரந்து கிடந்தது. முதல்நாளே பாதிக்கு மேல் கிண்டி வெயிலில் காயப் போட்டிருந்தான். கடல் ஒதுக்கும் சாதாளைக் கடற்புல்லை மாரி மழையில் உப்புப் போகக் கழுவவிட்டு, எருவோடு சேர்த்துப் புதைத்த மண் அது. பெரிய மெசினை விற்றுவிட்டான். இப்போது காலையிலும் மாலையிலும் வாளியால் அளவாகத்தான் தண்ணீர்.

"கடையில நிக்கேக்க எனக்கு முதுகு நோகும். இப்ப உடம்பெல்லாம் நோகுது. ஆனால் நல்ல நித்திரை வருது, மச்சான்," என்றான்.

பக்கத்துக் காணிக்காரர் மகேசன் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பயிர் பட்டபோது, "கடைக்காரன் உப்பு விளைவிச்சிருக்கிறான்," என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவராம்.

பத்து மணியளவில் கலைச்செல்வி வகுப்பைத் தொடங்கினார். சற்று நேரத்தில் காற்று குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மேற்கு வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மாசியில் எவரும் எதிர்பாராத மழை. கிண்டிய வெங்காயம் நனைந்தால் அழுகிவிடும். சிவரூபனுடைய சின்னக் கொட்டிலுக்குள் கால்வாசியும் கொள்ளாது.

அவன் பாத்தி நடுவில் அப்படியே நின்றுவிட்டான். "இந்த முறையும் போச்சு, மிஸ்."

"போகாது அண்ணை. வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் கடகத்தை எடுங்கோ!"

நானும் காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினேன். பனையோலைக் கடகங்களில் அள்ளினோம், சுமந்தோம், ஓடினோம். கொட்டில் நிறைந்துவிட்டது, பாத்திகளில் இன்னும் கிடந்தது. அப்போது வேலிப் படலை இழுத்துத் திறக்கும் சத்தம். மகேசன்.

"அங்கை என்னத்துக்கு அடையிறியள்? என்ர விறாந்தைக்குக் கொண்டு வாங்கோ!" என்றவர், விறாந்தையில் கிடந்த கதிரைகளைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். பிறகு அவரும் ஒரு கடகத்தோடு ஓடிவந்தார்.

கடைசிக் கடகம் யோகராணியின் தலையில். அவர் படியில் கால் வைக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அந்த விறாந்தையில் எழுந்த ஆரவாரம் மழைச் சத்தத்தையும் மீறியது. மகேசனின் கதிரைகள் மட்டும் முற்றத்தில் நனைந்துகொண்டிருந்தன. சிவரூபன் வெங்காயத்தின் நடுவே நிலத்தில் குந்தியிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கண்ணாலும் தண்ணீர் வந்தது.

மழை அரை மணிநேரம்கூட நீடிக்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டோம். மகேசன் ஒரு பிடியைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட வகுப்பில இனியும் ஆள் சேர்ப்பியளோ?"

"நீங்கள் பிறந்ததிலயிருந்து தோட்டம் செய்யிறனீங்கள் ஐயா!"

"ஓம், ஆனால் என்ர கிணறும் உவராகிக்கொண்டுதான் வருது. நானும் மெசின் வைச்சுத்தான் இறைக்கிறன்," என்றார் அவர்.

சில நாள் தங்கினேன். வெயில் திரும்பி வெங்காயம் நன்றாகக் காய்ந்தது. முதல் மூட்டைகளைப் படகில் ஏற்றியபோது நானும் சிவரூபனும் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் ஊர்காவற்துறைக்கு வந்தோம். இறங்குதுறையில் காத்திருந்த வியாபாரி ஒரு வெங்காயத்தை நசுக்கி மணந்து பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் மூட்டைகளைத் தன் வாகனத்தில் ஏற்றச் சொன்னார். சிவரூபன் என் கையைப் பிடித்து விடைகொடுத்தான். பெட்டி கட்டிப் புறப்பட இருந்தவன் இப்போது அடுத்த படகில் தோட்டத்துக்குத் திரும்ப அவசரப்பட்டான்.

வெள்ளவத்தையில் சின்ன வெங்காயம் கடைத் தட்டில் ஒரு சாமான். எங்கே விளைந்தது, யார் சுமந்தது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. யாழ்ப்பாண பஸ்ஸில் ரிக்கற் எடுக்கக் கையை நீட்டியபோது கொண்டக்ரர் மூக்கைச் சுளித்துச் சிரித்தார்.

"என்ன அண்ணை, வெங்காயம் மணக்குது. எந்த ஊர்த் தோட்டம்?"

"அனலைதீவு," என்றேன். "இந்த முறை நல்ல விளைச்சல் எங்களுக்கு."