பல்செட்டுக்குக் கைமாறிய ஜீப்

கோச்கோர் என்ற மலையூரில், சந்தைக்குப் பின்தெருவில், ஒரே ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தான் முகாஷ். வயது நாற்பத்தெட்டு. ஒல்லி உடம்பு, நீள நீள விரல்கள். எந்தச் சட்டை போட்டாலும் அதன் கைமடிப்பில் பிளாஸ்டர் மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். வண்டி வாகனத்துக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பட்டாளத்தில் இருந்தபோது எடுத்த ஓட்டுநர் உரிமம் ஒன்று அலமாரியில் கிடந்தது, அவ்வளவுதான்.

ஒரு செப்டம்பர் மாதம் தோலோக் கிராமத்திலிருந்து ஆலிம்குல் என்ற பெரியவர் வந்தார். ஆறு வருஷமாகப் பொக்கை வாய். ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். முகாஷ் மூன்று வாரம் உழைத்து, மேலும் கீழும் முழுசெட் செய்து பொருத்தினான். பிறகு ஒரு ஆப்பிளை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

பெரியவர் கடித்தார். ‘நறுக்’ என்று சத்தம் கேட்டதும் அவரே ஒரு கணம் திடுக்கிட்டுவிட்டார். அப்புறம் அந்த ஆப்பிளைக் கொட்டையோடு தின்று முடித்துவிட்டு, காம்பை மட்டும் மேசைமேல் வைத்தார்.

“தம்பி, எங்க வீட்டு முற்றத்துல ஒரு போபிக் நிக்குது. நீயே கொண்டு போ. அதுதான் உனக்கு நான் தர்றது.”

பழைய சோவியத் காலத்து ஜீப்பை அங்கே எல்லாரும் போபிக் என்றுதான் சொல்வார்கள். நாய்க்குட்டிக்கு வைக்கிற பெயர்.

“ஓடுமாங்க ஐயா?” என்று கேட்டான் முகாஷ்.

“ஓடிச்சு” என்றார் பெரியவர்.

யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டான். அதற்குக் காரணம் அவனுடைய சகலை கெங்கேஷ். முகாஷின் மனைவி ஜிபாராவுடைய அக்காவின் புருஷன். நூற்றைம்பது ஆடுகள், நாற்பது குதிரைகள், குளிர்சாதனம் வைத்த பெரிய ஜப்பானிய வண்டி. ஒவ்வொரு ஜூன் மாதமும் மாமனார் வீட்டார் சோன்குல் ஏரிக்கரை மேய்ச்சல் வெளியில் கூடாரம் போட்டதும், இரண்டு குடும்பமும் அங்கே போகும். பத்தொன்பது வருஷமாக முகாஷ் கெங்கேஷின் வண்டியில் பின்சீட்டில், மாவு மூட்டைக்கும் தேநீர்க் கொதிகலனுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் போய்க்கொண்டிருந்தான். வளைவுக்கு வளைவு கெங்கேஷின் குரல் முன்னாலிருந்து வரும்: “சகல, உயிரோட இருக்கியா? வாந்தி எடுக்கப் பை வேணுமா?” வண்டியே சிரிக்கும். முகாஷும் சிரித்துவைப்பான்.

டிராக்டர் கட்டி இழுத்து வந்த போபிக் வீட்டு வாசலில் நின்றபோது ஜிபாரா கையில் மாவோடு வெளியே வந்து பார்த்தாள். கேன்வாஸ் கூரை கந்தல். முன்பக்கத்தில் ஒரு விளக்குதான் இருந்தது, மற்றது இருந்த இடத்தில் குருவி கூடு கட்டியிருந்தது. பின்கதவைத் திறந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து சிவப்புக் கோழி ஒன்று கத்திக்கொண்டு பாய்ந்து, முற்றத்தைச் சுற்றி ஓடியது. தோலோக்கிலிருந்து அது அடைகாத்தபடியே வந்திருக்கிறது. உள்ளே ஏழு முட்டைகள், ஒன்றுகூட உடையவில்லை.

“ஓடற வண்டின்னு சொன்னீங்க. ஓடறது இது மட்டுந்தானே?” என்றாள் ஜிபாரா, கோழியைக் காட்டி.

அன்று மாலையே கெங்கேஷ் வந்துவிட்டான். ஜீப்பை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான், டயரை உதைத்தான்.

“என்ன சகல, பல்லு பிடுங்கறவன் இனிமே போல்ட் பிடுங்கப் போறியா?”

“நான் பல்லு பிடுங்கறதில்ல. செய்யறேன்.”

“அப்ப இதுக்கு ரெண்டு வரிசை செஞ்சு மாட்டு. சிரிச்சுக்கிட்டே நிக்கும். எங்கயும் போகாது.”

வீட்டையொட்டி முகாஷுக்கு ஒரு கல் கொட்டகை இருந்தது. அதில் உருளைக்கிழங்கு மூட்டைகளும் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்களும் இருந்தன. அவற்றைச் சமையலறைக்கு மாற்ற ஜிபாரா ஒத்துக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது. கொட்டகை மூலையில் ஒரு இரும்பு அடுப்பு வைத்து, அக்டோபர் முதல் தேதி வேலையைத் தொடங்கினான்.

ஒன்றும் தெரியாதவன் செய்கிற முதல் காரியத்தை அவனும் செய்தான். எல்லாவற்றையும் கழற்றினான். ஆனால் தொழில் பழக்கம் ஒன்று அவனைக் காப்பாற்றியது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் பல்லை இன்னொருவர் வாயில் அவன் வைத்ததில்லை. ஒவ்வொரு வாயின் அச்சும் தனித் தட்டில், தனிப் பெயர்ச்சீட்டோடு இருக்கும். போபிக்கின் நட்டும் போல்ட்டும் அதே மாதிரி தட்டுகளில் ஏறின. ‘இடது முன்சக்கரம், உள்பக்கம்’, ‘ரேடியேட்டர், மேலே’, ‘எங்கே என்று தெரியவில்லை’. கடைசிப் பெயரில் மட்டும் ஐந்து தட்டுகள் சேர்ந்துவிட்டன.

துருவைச் சுரண்டினான். பல்லுக்கு மெருகேற்றும் சின்னச் சக்கரத்தால் கார்புரேட்டரைத் துடைத்தான். அதன் ஊசித்துளைகளைப் பல் இடுக்கைச் சுரண்டும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தபோது, இது தனக்காகவே செய்த வேலை என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளே வழி அடைத்திருக்கிறது, பொறுமையாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதானே. கொட்டகையில் தனியாக விசிலடித்துக்கொண்டு வேலை செய்தான். வீட்டில் அவன் விசிலடித்து ஜிபாரா கேட்டதே இல்லை. தேநீர் கொண்டுவந்தவள் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, பிறகுதான் உள்ளே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு ஓடுவான். அங்கே தார்ப்பாய் விரித்துப் பழைய உதிரி பாகங்கள் விற்பவள் ராயிசா அம்மாள், கனத்த உடம்புக்காரி, வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. எதைக் கேட்டாலும் பார்க்காமலே கைவிட்டு எடுப்பாள்.

“என்னப்பா பல்லுக்காரா, இந்த வாரம் எதை உடைச்ச?”

“உடைக்கலக்கா. உடைஞ்சிருந்துச்சு.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க” என்பாள், விதைத் தோலைத் துப்பிவிட்டு.

பிப்ரவரியில் பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றி, குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஜிபாராவைக் கூப்பிட்டான்.

“மிதி!”

“மிதிச்சிட்டேன்.”

“விடாத! விடாதன்னு சொல்றேன்ல!”

“விடச் சொன்னீங்களே?”

“அது போன தடவை!”

“கத்தாதீங்க, இறங்கிப் போயிடுவேன்!”

“போயிடாத! மிதி!”

அரைமணி நேரம் இப்படியே போனது. மதில் மேலிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “ஜிபாரா, என்னம்மா ஆச்சு? அவரை அடிக்கிறியா?” என்று கேட்டாள். அடியிலிருந்து எண்ணெய் வழிந்த முகத்தோடு முகாஷ் வெளியே தலையை நீட்டினான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜிபாராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சுத் திணறச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளாகவே கொட்டகைக்கு வரத் தொடங்கினாள். பழைய கூரையைப் பிரித்து அளவெடுத்து, புதிய கேன்வாஸ் வாங்கி, கம்பளி விரிப்புத் தைக்கும் பெரிய ஊசியால் இரட்டைத் தையல் போட்டாள். ஜன்னல் ஓரத்தில் சிவப்பு நூலால் ஆட்டுக்கொம்புக் கோலம் ஒன்றையும் யாரும் கேட்காமலே போட்டாள்.

கியர் கம்பியின் குமிழ் காணாமல் போயிருந்தது. அதை முகாஷ் தானே செய்தான். பல் ஈறுக்கு ஊற்றும் இளஞ்சிவப்புப் பசையை அச்சில் ஊற்றி, கடைவாய்ப்பல் வடிவத்தில், பிடிக்கக் கைக்கு அடக்கமாக.

ஏப்ரலில் முதல்முறை இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கும் நாளுக்குக் கெங்கேஷும் வந்து நின்றான். கூப்பிடாமலே வந்திருந்தான். முகாஷ் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது, பெருமூச்சு விட்டது, பிறகு ‘டமார்!’ என்று ஒரு வெடி. சிவப்புக் கோழி கூரைமேல் பறந்தது. மறுபடி திருப்பினான். மறுபடி வெடி. கெங்கேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்துவிட்டான்.

“ஓநாய் விரட்ட வெச்சுக்கலாம் சகல! என் ஆட்டுப்பட்டிக்கு வாடகைக்குக் குடுக்கிறியா?”

முகாஷ் அன்று சாப்பிடவில்லை. மூன்று நாள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தான். நான்காம் நாள் சந்தையில் ராயிசா அம்மாளின் தார்ப்பாய் முன்னால் குந்தி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

“பிளக்குக்குப் போற ஒயரை எப்படி மாட்டின?”

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வரிசையாத்தான்.”

அவள் விதை மெல்வதை நிறுத்தினாள். “அட கிறுக்குப் பயலே, அது என்ன பல் வரிசையா? அந்த இன்ஜின் வெடிக்கிற முறை வேற. ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு. கடைசி ரெண்டு ஒயரை மாத்தி மாட்டு, போ.”

திறந்து போட்ட தன் பல்செட் அறையைக்கூடப் பூட்டாமல் நேரே வீட்டுக்கு ஓடினான். இரண்டு ஒயர்களை இடம் மாற்றினான். சாவியைத் திருப்பினான். ஒரு இருமல், ஒரு நடுக்கம், பிறகு நின்று நிதானமாக, கொட்டகை ஜன்னல் கண்ணாடி அதிர, போபிக் ஓடத் தொடங்கியது. முகாஷ் இறங்கவேயில்லை. சமையலறையிலிருந்து ஓடிவந்த ஜிபாரா அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். புகை நடுவில், எங்கும் போகாமல், இருவரும் கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூன் வந்தது. இந்தத் தடவை சோன்குல்லுக்கு இரண்டு வண்டிகள் கிளம்பின. கெங்கேஷும் அவன் மனைவியும் முன்னால், முகாஷும் ஜிபாராவும் பின்னால். கல்மாக் கணவாயின் ஏற்றத்தில், ஓரமெல்லாம் பனி இன்னும் கரையாமல் கிடந்த இடத்தில், போபிக் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுபோனது.

முன்னால் போன வண்டி நின்றது. கெங்கேஷ் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தான். “வா சகல, நான் எதுக்கு இருக்கேன்? கட்டிடலாம்.”

“கயிறு வேண்டாம்” என்றான் முகாஷ். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “பெட்ரோல் பம்பு சூடேறிப் போச்சு. உள்ள பெட்ரோல் ஆவியாகி நிக்குது. பத்து நிமிஷம் குடுங்க.”

ஜிபாரா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதில் பனியை அள்ளி வைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினான். மூவரும் காற்றில் நின்று காத்திருந்தார்கள். கெங்கேஷ் பானட்டுக்குள் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். ஒரு கேலியும் வரவில்லை.

“நீயா இதெல்லாம் மாட்டின?”

“ஆமா.”

“யாரும் கூட இல்லாம?”

“ஜிபாரா மிதிச்சா.”

பத்தாவது நிமிஷம் சாவியைத் திருப்பினான். போபிக் கிளம்பியது. கெங்கேஷ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நின்றான். போகவில்லை. கழுத்தைச் சொறிந்தான்.

“சகல... இறக்கத்துல கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா? பத்தொன்பது வயசுல பண்ணை கால்நடை டாக்டருக்கு இதே மாதிரி வண்டி ஓட்டினேன். நான் முதல்ல தொட்ட ஸ்டியரிங் அதுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ இதைக் கொண்டுவந்த அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல தெரியுமா?” என்றான்.

முகாஷ் இறங்கி இடம் கொடுத்தான். ஜிபாரா மட்டும் அசையவில்லை. “கூரை நான் தைச்சது. நான் இதுலதான் வருவேன். ஓட்டுங்க அத்தான்.”

ஆக, முகாஷ் போய் அந்தப் பெரிய ஜப்பானிய வண்டியை ஓட்ட உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் ஜிபாராவின் அக்கா. எங்கு பார்த்தாலும் பொத்தான்கள். ஏதோ ஒன்றில் கை பட்டது, இருவர் சீட்டும் சூடேறத் தொடங்கின.

“தம்பி, எதை அமுக்கினீங்க? அடியில நெருப்பு வெச்ச மாதிரி இருக்கு!”

“தெரியலக்கா. எதை அமுக்கினா நிக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? அவரு என்னை எதையும் தொட விடமாட்டாரு!”

முன்னால் கெங்கேஷ் ஹாரன் அடித்துக்கொண்டே, வாய்விட்டுப் பாடிக்கொண்டே இறங்கினான். ஏரிக்கரைக் கூடாரங்களிலிருந்து மாமனார் வீட்டார் அத்தனை பேரும் “முகாஷ் வந்துட்டான்!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். போபிக்கிலிருந்து கெங்கேஷ் இறங்குவதைப் பார்த்து விழித்தார்கள். பின்னால் வியர்வையில் நனைந்து சட்டை ஒட்ட இறங்கிய முகாஷைப் பார்த்து, மலைக்காற்றில் இவனுக்கு மட்டும் என்ன வேர்வை என்று கேட்டார்கள். கெங்கேஷ்தான் பதில் சொன்னான். பல் குமிழைக் காட்டினான், கூரைத் தையலைக் காட்டினான், கார்புரேட்டரைப் பல் கம்பியால் குத்தின கதையைச் சொன்னான். ஏதோ தானே கூட இருந்து செய்த மாதிரி சொன்னான். குதிரைப்பால் கிண்ணம் கையிலிருந்து கைக்குப் போனது. முகாஷ் மூன்று கிண்ணம் குடித்துவிட்டுப் புல்லில் படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் காலை, பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்தாள்.

“பல்லு செய்யறவன் வந்திருக்கான்னு சொன்னாங்க. நாலு மாடு, முப்பது ஆடு. இதுங்கள விட்டுட்டு நான் எப்ப டவுனுக்கு வர்றது?”

முகாஷ் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தான். மத்தியானத்துக்குள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். ஜூலையில் பிளாஸ்டர் மூட்டையும் மெழுகும் அச்சுத் தட்டுகளும் ஏற்றிக்கொண்டு திரும்ப வந்தான். அச்செடுத்துக்கொண்டு போய், செட் செய்து, ஆகஸ்டில் கொண்டுவந்து பொருத்தினான். அடுத்த கோடையில் ஏரியின் மறுகரைவரை போனான். இப்போதெல்லாம் ஜூன் பிறந்தால் சந்தைப் பின்தெருக் கதவில் பூட்டுத் தொங்கும். கதவில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் ஜிபாராவின் கையெழுத்தில் ‘ஏரிக்குப் போயிருக்கிறோம்’ என்று எழுதியிருக்கும்.

போன கோடையில் ஒருநாள், போபிக்கின் பானட்டைத் திறந்துவைத்து முகாஷ் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். பின்னால் புல்லில் ஆறு பேர் வரிசையாகக் காத்திருந்தார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“எல்லாரும் வாயை மூடிக்கிட்டு உள்ள ஏறுங்க!” என்று கத்தினாள் ஜிபாரா, பின்கதவைத் திறந்துவிட்டு. “மழை வருது!”

ஆறு பேரும் கேன்வாஸ் கூரைக்குக் கீழே நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். கடைசியில் முகாஷுக்கே ஏற இடமில்லை.