நேரில் வந்து அழைத்ததாக எண்ணி

வலங்கைமானில் ஒரு வீட்டில் நல்ல காரியம் என்று பேச்செடுத்தால், மண்டபம் பார்ப்பதற்கு முன்பே கலைமகளைத் தேடி வந்துவிடுவார்கள். காதுகுத்து முதல் கருமாதி வரை பத்திரிகையை வடிவமைத்துக் கொடுப்பது அவளுடைய கம்ப்யூட்டர்தான். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் மிக்சி ஓடினால்தான் சத்தம். சிங்கப்பூரிலிருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்டியாக்கா, உடம்பு பரவால்லயா, வச்சிடட்டா" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுவான்.

அவள் தொழிலில் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. பெயர் விட்டுப்போவது. பெரியப்பா பெயர் இருந்து சின்னத் தாத்தா பெயர் இல்லையென்றால் தீர்ந்தது. விடுபட்டவர் முகூர்த்தத்துக்கு வருவார், மொய்யும் எழுதுவார், ஆனால் கை நனைக்காமல் போய்விடுவார். அப்புறம் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் கலைமகள், "இன்னும் யாராச்சும் இருக்காங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று குடைந்து குடைந்து கேட்பாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பெயரைக்கூட விட்டதில்லை.

ஆனால் பத்திரிகை அடித்துக் கொடுத்தவளுக்கு ஒரு பத்திரிகை வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. அவள்தான் முதலிலேயே பார்த்துவிட்டாளே, பிறகென்ன! அது அவளுக்கு வலித்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

'திறந்த வாசல்' என்ற இணையக் குழுவுக்கு அவள் போனது ஓர் எழுத்துருவைத் தேடித்தான். மாப்பிள்ளை பெயர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. என்ன செய்வது என்று அங்கே கேட்டாள். ஃபாஜில் என்ற பையன் உடனே பதில் போட்டான்: "நாங்க இருக்கோம், கேளுங்க." எழுத்துரு கிடைத்த பிறகும் அந்த ஒரு வரிக்காக அங்கேயே தங்கிவிட்டாள். இணையம் எல்லோருக்கும் பொது, தமிழில் உள்ள எழுத்துருவுக்கோ அகராதிக்கோ படத்துக்கோ பூட்டுப் போடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பெண் பெயரில் போனால் கண்டவனும் வந்து வணக்கம் வைப்பான் என்று, கொல்லைக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டாள். குடமுருட்டி.

குழுவில் எல்லோருக்கும் அவள் 'குடமுருட்டி அண்ணன்' ஆகிப்போனாள். கூட்டங்களில் கேமராவையும் திறக்க மாட்டாள், மைக்கையும் திறக்க மாட்டாள். தட்டச்சு செய்வதோடு சரி. வலங்கைமானில் ஆற்றங்கரையோரம் பத்திரிகை வேலை என்று மட்டும் ஒருமுறை எழுதியிருந்தாள். முதலில், நான் அண்ணன் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். நாளாக ஆக, சொன்னால் இந்த உறவும் போய்விடுமோ என்று பயமாகிவிட்டது.

போன தை மாதம் ஃபாஜில் எழுதினான்: "அண்ணே, கும்பகோணத்துல நம்ம குழு முதல் தடவையா நேர்ல கூடுது. சட்டைப் பையில போட்டுக்கிற மாதிரி சின்னக் கையேடு ஒண்ணு செஞ்சு குடுங்க. நாம யாரு, எதுக்காக இருக்கோம், எல்லாம் அதுல வந்துடணும்." கூடவே கொள்கை விளக்கம் ஒன்றும் அனுப்பியிருந்தான். அதைப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் சாதம் குழைந்துவிட்டது.

அவள் அதையும் பத்திரிகையாகத்தான் பார்த்தாள். யார் அழைக்கிறார்கள், எதற்கு, எங்கே வர வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம். வெட்டித் தள்ளினாள். முகூர்த்த நேரம் வருகிற இடத்தில் 'எந்த நாளும் வரலாம்' என்று போட்டாள். கடைசிப் பக்கத்தில், பழகிய கை, 'இதையே நேரில் வந்து அழைத்ததாக எண்ணி வாருங்கள்' என்று அடித்துவிட்டது. அழிக்க மனம் வரவில்லை. உழைத்தவர்களின் சொந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தில் சேர்த்தாள்.

கூட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்தாள். மேடையில் குடமுருட்டி என்று கூப்பிட்டால் எழுந்து நிற்பது, அவ்வளவுதான் திட்டம். யாராவது ஒருவருக்குத் தன்னைத் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஃபாஜில் மேடையில் கையேட்டைப் பிரித்துப் பெயர்களை வாசித்தான். ஒவ்வொருவராக எழுந்து கைதட்டல் வாங்கினார்கள். கலைமகள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனிக்கு வந்தாள். வாசித்து முடித்தவன், தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாப் பெயரையும் போட்டவள் தன் பெயரைப் போடவில்லை. பத்திரிகை அடிப்பவள் பெயர் என்றைக்குப் பத்திரிகையில் வந்திருக்கிறது? யாரைக் கோபித்துக்கொள்வது? ஆனாலும் கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது. பெயர் விடுபட்டவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சாப்பிடாமல் கிளம்பினாள்.

வாசலில் கையேடு கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் வழியை மறித்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஃபஹ்மிதா என்று இருந்தது.

"என்னக்கா, சாப்பிடாம போறீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

"இந்தாங்க, எங்க கையேடு. யார் வேணாலும் சேரலாம்." கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "நேர்ல வந்து அழைச்சதா எண்ணி வாங்கன்னு போட்டிருக்கு பாருங்க. நான் நேர்லயே அழைக்கிறேன். வாங்கக்கா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

இத்தனை வயதில் கலைமகளுக்கு யாரோ வைத்த முதல் பத்திரிகை. அதையும் அவளேதான் அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தாள்.

சாம்பார் வாளியோடு வந்தவன் ஃபாஜில்.

"எந்த ஊருக்கா?"

"வலங்கைமான்."

வாளியைக் கீழே வைத்துவிட்டான். "அங்க ஆத்தங்கரைப் பக்கம் ஒருத்தரு பத்திரிகை டிசைன் பண்றாரு. தெரியுமாக்கா உங்களுக்கு?"

"ஏன் தம்பி?"

"இந்தக் கையேடே அவரு செஞ்சதுதான். எல்லார் பேரையும் போட்டுட்டு அவரு பேர விட்டுட்டாரு. மேடையில வாசிக்கிறப்பதான் பாத்தேன். சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடலாம்னா, அது என்னன்னே தெரியல. இத்தனை நாள் பழகியிருக்கோம், ஒரு தடவகூட கேட்டதில்லக்கா. அத்தனை பேரு முன்னாடி எனக்கு வெக்கமா போச்சு. அடுத்த தடவை அச்சடிக்கிறப்ப சேத்துடணும். அவரு பேரு தெரிஞ்சா சொல்லுங்களேன்."

அவள் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"கலைமகள்," என்றாள். "கலைமகள்னு போடுங்க தம்பி."

"அண்ணே..." என்று ஆரம்பித்து ஃபாஜில் அப்படியே நின்றுவிட்டான். அடுத்த இலைக்காரர் சாம்பார், சாம்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.