மாடியில் டிங்சர் வாடை

நண்பன் ஸ்காட்லாந்திலிருந்து சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கி வந்திருந்தான். குடிக்குமுன் முகர்ந்து பார்க்கணும் என்று சொல்லிக் கொடுத்தான்.

அன்னவாசலில் மாமனார் வீட்டு மொட்டை மாடியில், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தேன். புகையும் டிங்சரும் கலந்த நெடி. அதற்குள் மாமனார் படியேறி வந்துவிட்டார். கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"டிங்சர் வாடை அடிக்குதே. காயமா மாப்ள?"

"ஆமா மாமா, கால்ல லேசா..."

குனிந்து என் இரண்டு காலையும் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கீழே இறங்கிப் போனவர், சொம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"இதக் கலந்துக்கங்க. வெறுமனே குடிச்சா வயிறு புண்ணாயிடும்."

நாலு சொட்டு விட்டேன். நெடி அடங்கி, வெல்லப்பாகு வாசம் வந்தது. போன உயிரும் திரும்பி வந்தது.

வீட்டில் யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. என்னிடம் மட்டும் எப்போதாவது கேட்பார்: "காயம் ஆறிடுச்சா மாப்ள?"