படங்கு கட்டிய அக்கா

கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலைச் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் படங்கு என்று பேர். வேலை முடிந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். பன்னிரண்டு வயதான என் அக்காவுக்கு மட்டும் அம்மா அதை வீட்டுக்குள்ளும் கட்டிவிட்டாள். எனக்குக் கிடைக்காத மரியாதை அது என்று எண்ணி, எனக்கும் ஒன்று கேட்டு அழுது அடி வாங்கினேன். எனக்கு அப்போது ஆறு வயது.

அக்கா இன்னும் வயதுக்கு வரவில்லை. ஆனால் கைகால் மெலிய, வயிறு மட்டும் முன்னே வந்தது. அதைக் கவனித்து முதலில் எங்களோடு பேச்சை நிறுத்தியவள் அப்பாவின் அக்கா, கங்காணி வீட்டு அத்தை. அக்காவைத் தன் மகனுக்கென்று சொல்லி வைத்திருந்தவளும் அவள்தான். அத்தையைப் பார்த்து, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கொண்ட எங்கள் லயமே பேச்சை நிறுத்தியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் ஐயாவிடம் காட்டலாம் என்று அப்பா சொன்னபோதெல்லாம் அம்மா தடுத்தாள். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வாந்தி நிற்கவில்லை. கம்பளியில் தொட்டில் கட்டி, பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு அத்தையும் வந்தாள்.

இன்று அதே மாதிரி அறுவை அறையில் தாதியாக நிற்கும் எனக்கு, உள்ளே நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியும். சினைப்பையில் நீர்க்கட்டி, அதன் காம்பு முறுக்கிக்கொண்டது, மயக்க மருந்து கொடுத்து, கட்டியோடு அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்தார்கள், மறுபக்கம் பத்திரம். அன்று நான் கண்டது, துணி மூடிய பேசினோடு வெளியே வந்த ஒரு தாதியை. பிள்ளை பிழைத்துவிட்டாள், வயிற்றில் இருந்தது வெறும் கட்டி என்றார் அவர். அம்மா அழவில்லை.

"அத எங்க மதினிகிட்ட கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றாள்.

தாதி தயங்கித் துணியை விலக்கினார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா பாத்துக்கங்க மதினி. கையி இருக்கா, காலு இருக்கான்னு பாருங்க."

அத்தை பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இல்ல தாயி" என்றாள்.

அப்போதுதான் அம்மா வராந்தாத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்கா பிழைத்தாள் என்றபோது அழாதவள், இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், அந்தக் கட்டிக்குக் கையும் காலும் இல்லையே என்றுதான் அழுகிறாள் போலும் என்று நினைத்து, நானும் அவள் மடியில் விழுந்து அழுதேன்.