அகலத்திரையில் மாமா

அந்தப் பழைய படத்தைப் புதுப்பித்து டிஸ்க்காக வெளியிடுகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: வாங்கலாமா, வேண்டாமா? குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அரியலூரிலும் பெரம்பலூரிலுமாகப் பழைய படங்களின் மேல் பைத்தியம் பிடித்த இருபது சொச்சம் பேர். பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர்தான் தலைவர். தீர்ப்புச் சொல்லும் வேலையை அவர் என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். நான் சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருப்பவன். சுண்ணாம்புக் கல்லை அரைத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதே கண்ணோடு படத்தையும் பார்ப்பேன் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை பிடித்திருந்தது. வீட்டில் எதற்கும் நம் கருத்தைக் கேட்காதபோது, வெளியில் ஒரு விஷயத்துக்காவது நிபுணராக இருப்பது நல்லதுதானே.

டிஸ்க் கூரியரில் வந்தது. அன்று சாயங்காலமே பழைய வி.சி.டி.யையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பழைய வி.சி.டி. ஒரு கொடுமை. அகலத்திரையில் எடுத்த படத்தைப் பழைய டிவிக்கு ஏற்றபடி இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள். கதாநாயகன் இடது ஓரத்திலும் கதாநாயகி வலது ஓரத்திலும் நின்று காதல் வசனம் பேசும் காட்சியில் இரண்டு மூக்குகள் மட்டும் தெரியும். நடுவில் ஒரு தென்னை மரம். வெகுகாலம் வரை அந்தக் காதல் தென்னை மரத்தோடுதான் என்று நினைத்திருந்தேன். நிறமோ, மொத்தப் படத்தையும் பீட்ரூட் பொரியலில் முக்கி எடுத்தது போலச் சிவந்து போயிருக்கும்.

புதியதில் வயல் பச்சையாக இருந்தது. வானம் நீலமாக இருந்தது. மூக்குகளுக்குச் சொந்தக்காரர்கள் முழு உடம்போடு வந்தார்கள். அதே சமயம் குறைகளும் இருந்தன. கோடும் புள்ளியும் போக வேண்டுமென்று தேய்த்த தேய்ப்பில் எல்லார் முகமும் மெழுகு பூசியது போலாகிவிட்டது. ஒலியைப் புதுசாக்குகிறேன் என்று யாரோ ஆர்வத்தில் பறவைச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். கதாநாயகியின் அம்மா சாகக் கிடக்கும் அறைக்குள் குயில் கூவுகிறது. வில்லனின் கன்னத்துத் தழும்பு காட்சிக்குக் காட்சி இடம் மாறுவதும், கிழவர் வேடக்காரரின் நெற்றியில் விக்கின் வலை ஒட்டியிருப்பதும் இப்போது பளிச்சென்று தெரிந்தன.

"அதே படந்தானே? குளிப்பாட்டி விட்டிருக்காங்க. இதுக்கு ஒரு தீர்ப்பு வேற," என்றாள் என் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே.

அப்போதுதான் திருவிழாக் காட்சி வந்தது. என் கை தானாகவே ரிமோட்டுக்குப் போய்ப் படத்தை நிறுத்தியது. எங்கள் குடும்பத்தில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தத்தான் செய்வார்கள். அந்தக் காட்சியில் என் தாய்மாமா நடித்திருக்கிறார்.

மாமாவுக்கு ஜெயங்கொண்டம். முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு முந்திய வயதில், தா.பழூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் ஷூட்டிங் நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்திலிருந்து இயக்குநர் இவரை மட்டும் விரல் நீட்டிக் கூப்பிட்டாராம். தலைப்பாகை கட்டிவிட்டு, கதாநாயகிக்குப் பின்னால் நிற்கச் சொன்னாராம். படம் வந்ததும் தியேட்டரில் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் தன்னைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காட்சி ஓடிவிட்டது. வி.சி.டி. வந்து, படத்தை நிறுத்தி வைக்கும் வசதியும் வந்த பிறகுதான் அவருக்கு விடிவு. கதாநாயகியின் தோளுக்குப் பின்னால், சிவப்புப் புகைமூட்டத்தில், மங்கலாக ஓர் உருவம். மேலே வெள்ளையாகத் தலைப்பாகை. "இந்தா, நாந்தான்," என்று டிவியின் மேல் விரலை வைத்துக் காட்டுவார். பொங்கலுக்குப் பொங்கல் இது நடக்கும். கல்யாண வீடுகளில் அவரை யாரும் தோப்புக்காரர் என்று அறிமுகப்படுத்துவதில்லை. "படத்துல நடிச்சவரு" என்பார்கள். மாமா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். குனிவதற்கு முன் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

இப்போது, புதுப்பித்த டிஸ்க்கில், துல்லியமான வெளிச்சத்தில், கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் இருந்தது மூன்று பானைகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மண்பானைகள். மேல் பானையை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நான் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பானைதான். மனைவி கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரத்தோடு சேர்ந்து சிரிப்பும் உருண்டது.

மறுநாள் காலையிலேயே மாமா போன் செய்தார். டிஸ்க் வந்த செய்தியை என் மனைவி அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, சொல்லியிருக்கிறாள். பானையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்தச் சுவையை நேரில் அனுபவிக்க வேண்டுமென்று அவள் திட்டம் போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"மாப்ள, எப்படிடா இருக்கு நம்ம படம்?"

"நல்லா இருக்கு மாமா. ஆனா முகமெல்லாம் கொஞ்சம் மெழுகு மாதிரி…"

"என் மூஞ்சி தெரியுதா?"

"இன்னும் அந்த எடம் வரலீங்க மாமா," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம கொண்டாந்துடு. பெரிய டிவி வாங்கியிருக்கோம்ல. பக்கத்து வூட்டு ஆளுங்களையும் வரச் சொல்லிட்டேன்."

பிளேயர் ரிப்பேர் என்று சொல்லலாமா, காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். மனைவி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நின்றாள். பிளேயரைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வழிநெடுக ஒரே யோசனை. அந்த இடம் வரும்போது ரிமோட்டை அழுத்தித் தாண்டிவிட வேண்டும். கேட்டால் டிஸ்க்கில் கோளாறு என்று சொல்லிவிடலாம். குழுவிலும் அப்படியே எழுதிவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு மாமாவின் மானத்துக்காக ஒரு நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று எழுதுவது பாவமா என்று பஸ் உடையார்பாளையம் தாண்டும்வரை யோசித்தேன். பெரிய பாவமாகத் தெரியவில்லை.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அத்தை முறுக்கும் காபியும் வைத்துவிட்டு, கண்ணாடியைப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் ஓடியது. எல்லாரும் நிறத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சாகக் கிடந்த அறையில் குயில் கூவியபோது அத்தை எழுந்து கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திருவிழாக் காட்சி தொடங்கியது. நான் ரிமோட்டில் விரலை வைத்தேன். ஆனால் மாமாவுக்கு அந்தப் படத்தின் நேரம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"குடுடா இங்க," என்று ரிமோட்டைப் பிடுங்கினார். சரியான நொடியில் நிறுத்தினார். எழுந்து போய் விரலை வைத்தார். "இந்தா, நா…"

விரல் அங்கேயே நின்றது.

கண்டக்டர் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். முப்பது வருஷம் கிழிந்த நோட்டையும் கள்ளப் பயணியையும் பார்த்தே பழகிய கண்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இது பானை மாதிரி இருக்குண்ணே."

"மாதிரி என்ன, பானையேதான்," என்றார் அவர் மனைவி.

என் மனைவி முறுக்கை வேகவேகமாகக் கடித்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாமாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பானைக்குப் பின்னாடிதான் நின்னேன். பானை மறைச்சிருக்கு," என்றார். எத்தனையோ பொங்கலுக்கு ஓங்கி ஒலித்த குரல் அது. அன்றைக்கு இறங்கியே போயிருந்தது. எனக்குச் சிரிப்பு போய்ப் பாவமாக இருந்தது.

அத்தை அதையெல்லாம் கவனிக்கவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனவர், பானையை விட்டுவிட்டு வலது ஓரமாக நகர்ந்துகொண்டே போனார். வி.சி.டி.யில் வெட்டி எறிந்திருந்த பகுதி அது. எங்கள் வீட்டில் யாருமே பார்த்திராத ஓரம். பானையைப் பார்த்த அதிர்ச்சியில் நானும் அந்தப் பக்கம் பார்த்திருக்கவில்லை.

"தம்பி, இங்க வா. இந்தப் பய யாருன்னு பாரு."

போய்ப் பார்த்தேன். கூட்டம் முழுவதும் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஓரத்தில் ஒரே ஒருவன் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கையில் பொரிப் பொட்டலம். வாய் கொள்ளாத பொரி. கண்ணில் ஏதோ தெய்வத்தை நேரில் கண்டது போல ஒரு திகைப்பு. காது இரண்டும் வெளியே விடைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் காது எங்கள் தாய்வழிக் காது. என் தலையிலும் இருக்கிறது.

"மாமா!" என்று கத்தினேன்.

மாமா பாய்ந்து வந்தார். பார்த்தார். "நாந்தான்டா! நாந்தான்டா மாப்ள! பொய்யா சொன்னேன்?" என்று கண்டக்டரின் தோளில் அறைந்தார். கண்டக்டர் எழுந்து கை கொடுத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

"தலப்பா எங்கங்க?" என்றார் அத்தை.

"கழண்டு வுழுந்திருக்கும். அத வுடு. சட்டையப் பாரு! நீலத்துல வெள்ளக் கட்டம். எப்படித் தெரியுது பாரு! பொண்ணு பாக்குறதுக்குன்னு தச்ச புதுச் சட்ட. அன்னைக்குத்தான் மொத மொதல்ல போட்டேன்."

அத்தை மெதுவாகத் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பொண்ணு பாக்குறதுக்கு?"

மாமாவின் வாய் திரையில் இருந்ததைப் போலவே திறந்திருந்தது. பொரி மட்டும் இல்லை.

"திருமானூர்ல எங்க வூட்டுக்கு வரேன்னுட்டு வராமப் போனீங்களே, அன்னைக்கா? உங்க வூட்லேருந்து ஆள் வந்து, மாப்ளைக்குக் காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியலன்னு சொன்னாங்களே, அன்னைக்கா?"

"அது… காய்ச்சல் இருந்துச்சு. போர்த்திக்கிட்டுப் படுத்துத்தான் இருந்தேன். சைக்கிள்ல சேக்காளி வந்து ஷூட்டிங்குன்னான். வைத்தியரப் பாத்துட்டு வரேன்னுட்டு…"

"வைத்தியர் பொரி திங்கச் சொன்னாரா?"

கண்டக்டர் இருமுவது போல நடித்தார். என் மனைவி நடிக்கவே இல்லை, வெளிப்படையாகச் சிரித்தாள்.

"அண்டா நெறைய கேசரி கிண்டி வச்சிருந்தோம். காலைலேருந்து பொடவையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கடைசியில தெருவே வந்து தின்னுட்டுப் போச்சு. என்னைப் பாத்து, பாவம் இந்தப் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டே தின்னாங்க," என்றார் அத்தை. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வாரம் தொளதொளன்னு ஒரு மஞ்சச் சட்டையில வந்தீங்களே. அது யாரோடது?"

"அண்ணனோடது. இது முள்ளுல மாட்டிக் கிழிஞ்சு போச்சு," என்று ஒப்புக்கொண்டார் மாமா. அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

அத்தை அவரைப் பார்த்தார். பிறகு திரையில் பொரி தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தார். இரண்டு முறை மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இந்த மூஞ்சிய அன்னைக்கே பாத்திருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன். தப்பிச்சீங்க," என்றார். சிரிப்பு அடங்கியதும் தண்டனையைச் சொன்னார். "போங்க. அன்னைக்கு வீணாப்போன கேசரிய இப்ப நீங்க கிண்டிக்கொண்டாங்க."

மாமா வாழ்க்கையில் அடுப்படிக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான். என் மனைவி கூடப் போக எழுந்தபோது அத்தை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். உள்ளிருந்து, "ரவை எங்க இருக்கு?", "நெய்ய மொதல்லயா கடைசிலயா?" என்று கேள்விகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் அத்தை பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு தட்டில் ஏதோ வந்தது. கரண்டியை நட்டு வைத்தால் நிற்கும். எங்கள் ஆலைக்கு அனுப்பினால் தாராளமாகத் தேறியிருக்கும். அத்தை ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டு, "சக்கரை பத்தல," என்றார். ஆனாலும் தட்டைக் காலி செய்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் யாருமே அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. வி.சி.டி.யின் முதல் தட்டு திருவிழாவோடு முடியும். இரண்டாவது தட்டு கீறல் விழுந்து ஓடாது. புது டிஸ்க்கையும் நான் பானையோடு நிறுத்தியவன்தான், அதற்கு மேல் ஓடவிட மனம் வரவில்லை. தியேட்டரில் பார்த்த மாமாவோ, இடைவேளையில் சேக்காளிகளை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பெருமை பேச உட்கார்ந்தவர், திரும்பி உள்ளே போகவே இல்லையாம். அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் இரண்டாம் பாதியைப் பார்த்தோம். கதாநாயகன் வெள்ளத்தில் போய்ச் செத்தான். மாமாவால் தாங்க முடியவில்லை.

"என்னடா இது, நம்ம படத்துல ஹீரோ சாவுறாரு? எனக்கு யாருமே சொல்லலையே!"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு," என்றார் அத்தை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல படம் அது. பின்பாதி முன்பாதியைவிட நன்றாக இருந்தது. மெழுகு முகங்கள்கூடச் சற்று நேரத்தில் பழகிவிட்டன.

கிளம்பும்போது மாமா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "மாப்ள, ஒன் குரூப்புல இது சரியில்லைன்னு போட்டுடு. திருமானூர்ல மச்சானுங்க யாரும் வாங்கிப் பாத்துடப் போறானுங்க," என்றார் ரகசியமாக. உள்ளே அத்தை அதே நேரத்தில் என் மனைவியிடம், தன் அண்ணன் தம்பிகளுக்கு வீட்டுக்கு ஒன்றாக நான்கு டிஸ்க் வரவழைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குழுவில் உண்மையைத்தான் எழுதினேன். நிறமும் அகலமும் பிரமாதம், ஓரங்களை விடாமல் பார்க்கவும். முகங்களைத் தேய்த்தது அதிகம். சேர்த்த பறவைகளை மன்னிக்க முடியாது. பழைய ஒலியையும் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், அதில் பார்க்கவும். வாங்கலாம். மருந்துக்கடை நண்பர், இவ்வளவு சுருக்கமாக நீங்கள் எழுதியதே இல்லையே என்று கேட்டிருந்தார். குடும்ப விவகாரம் என்று விட்டுவிட்டேன்.

மச்சான்கள் நான்கு பேரும் பார்த்துவிட்டார்கள். மூத்தவர் போன் செய்து மாமாவின் உடல்நிலையை விசாரித்ததாக அத்தை சொன்னார். மாமாவும் சும்மா இருக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவர் பேசியதைக் கேட்டேன். இயக்குநர் தன்னிடம், எல்லாரும் அந்தப் பொண்ணைப் பார்க்கட்டும், நீ மட்டும் கேமராவைப் பாருப்பா என்று சொன்னாராம்.