மேர் கொண்டுவந்த சீர்

ஊரே ஃபுளூ காய்ச்சலில் சுருண்டு கிடந்த அந்தக் கோடையில் எனக்கு ஒன்பதாம் மாதம். வரிச்சிக்குடியில் புகுந்த வீடு. ஒரு மூலையில் வீட்டுக்காரர் முனகுகிறார், இன்னொரு மூலையில் மாமனார். தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்துப் போக வேண்டிய அம்மாவோ கோவில்பத்தில் படுத்த படுக்கை. காய்ச்சல் எனக்கும் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து என்று நர்சம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவளுக்கு மென்று முழுங்கிப் பேசத் தெரியாது.

எங்கள் பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போன பிறகும் ஊராட்சித் தலைவரை அவன் பாஷையில் மேர் என்று கூப்பிடும் பழக்கம் எங்களைவிட்டுப் போகவில்லை. எங்கள் மேர், லீவில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைக் கழுவிவிடச் சொன்னார். காய்ச்சல் தணியும்வரை பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அங்கே தங்கலாம், நர்சம்மா கூடவே இருப்பாள், கஞ்சியும் பாலும் உண்டு, வெளியாள் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று தமுக்கடிக்க வைத்தார்.

என் மாமியார் கேட்பாளா?

"தலைப்பிரசவம்னா தாய்வீட்டுலதான். அழைச்சிட்டுப் போவ ஆளு வராம நானே கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல தள்ளுனா ஊரு காறித் துப்பாது?"

என்னைக் கூப்பிட மேர் அனுப்பிய சேவகரை விரட்டியே விட்டாள். நான் அழுதும் பார்த்தேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். மனுஷி அசையவில்லை. அப்படி ஒரு அழுத்தம்!

மறுநாள் காலை வாசலில் வில்வண்டி வந்து நின்றது. வாயில் துணி கட்டிக்கொண்டு மேர் இறங்கினார். பின்னால் பட்டுச்சேலையில் அவர் மனைவி. அதற்கும் பின்னால், நேற்று விரட்டுப்பட்ட அதே சேவகர், தலையில் தாம்பாளத்தோடு.

"சம்பந்தியம்மா, நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க. பொண்ண பிரசவத்துக்கு அழைச்சிட்டுப் போவ வந்திருக்கோம்" என்றார் மேர்.

மாமியார் இடுப்பில் கைவைத்தாள். "நீங்க எந்த முறையில பொண்ணு வீடு?"

"பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தம். அங்க வர்ற பொண்ணுங்களுக்கு அதான் தாய்வீடு. ஊருக்கு மேர் நான், அப்ப நான்தானே அப்பன்? சீர்ல குறையிருந்தா சொல்லுங்க."

மாமியார் தாம்பாளத்தைத் துழாவினாள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், வளையல் எல்லாம் இருந்தன. "கட்டுச்சோறு எங்க?" என்றாள். மேரின் மனைவி வண்டியிலிருந்து தூக்குச்சட்டிகளை இறக்கினார். புளிச்சோறு மணத்தது.

"பாத்துக்கிட்டு நிக்கிறியே, கெளம்புடி!" என்றாள் மாமியார் என்னிடம். வண்டி தெருமுனை திரும்பும்வரை சிரிப்பை அடக்கியதில் எனக்கு விலாவே வலித்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினோம். மரைக்காயர் வீட்டுப் பெண் ஒருத்தி நர்சம்மா நடப்பதுபோலவே நடந்து காட்டுவாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஒரு நாள் எனக்கு வலி கண்டது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை, கொழுக் மொழுக்கென்று.

சேதி கேட்டு மாமியார் ஓடிவந்தாள். கேட்டில் மேரே நின்றிருந்தார்.

"காய்ச்சல் வீட்டுலேருந்து வர்றீங்க. உள்ள விட முடியாதுங்க."

சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. தாழ்வாரத்திலிருந்து நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். தெருவில் நின்றபடியே கைகளை நீட்டித் திருஷ்டி கழித்து, நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். அழுகையும் சிரிப்புமாக ஒரு முகம், அதை நான் அதுவரை பார்த்ததேயில்லை.

"எனக்கும் காலையிலேருந்து மேலு சுடுது சம்பந்தி. இவளுவள இப்ப அனுப்பிடாதீங்க. மூணு மாசம் வச்சிருந்து, முறையோட கொண்டாந்து விடுங்க."

மேர் தலையைச் சொறிந்தார். "பள்ளிக்கூடம் தொறக்கணுமேங்க."

"அது உங்க பாடு. பொண்ணப் பெத்தவரு நீங்கதானே?"